லாண்டிங் முடித்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியவர்களுக்கு: கனடா வரியும் ஹெல்த் கார்டும்

கனடா நிரந்தர வதிவிட (பிஆர்) விசா கைக்கு வந்தவுடன் எல்லோராலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட முடிவதில்லை. மகளுக்கு ஓஎல் பரீட்சை இருக்கும், கடைக்கு வரவேண்டிய கடன் இருக்கும், காணி விலைபேசியும் முடியாமல் இழுபடும். விசாவோ பெரும்பாலும் மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். ஆகவே குடும்பமாகப் போய் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் லாண்டிங் (பிஆரை உறுதிசெய்யும் முதல் வருகைப் பதிவு) செய்து, ஸ்காபரோவில் உறவினர் வீட்டில் இரண்டு மூன்று கிழமை நின்று, கட்டுநாயக்கா வழியாக ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நிரந்தரமாகப் போவது அதற்கு ஒன்றிரண்டு வருடங்கள் கழித்து.

சிக்கல்கள் விளைவது இந்த இடைக்காலத்தில்தான். பிஆர் என்பது மத்திய குடிவரவுத் திணைக்களத்தின் கணக்கு. வரி கனடா வருமான முகவரகமான சிஆர்ஏயின் கணக்கு. ஹெல்த் கார்ட் மாகாண அரசின் கணக்கு. மூன்றுக்கும் வெவ்வேறு மணிக்கூடு. லாண்டிங் நாளில் ஓடத் தொடங்குவது முதலாவது மட்டுமே. மற்ற இரண்டும் நீங்கள் உண்மையில் அங்கே குடியேறும்போதுதான் தொடங்கும். குடியேறியதாக நீங்களே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தால் முன்கூட்டியே தொடங்கிவிடும். பலர் மாட்டிக்கொள்வது அந்தப் படிவத்தில்தான்.

பிஆர் மணிக்கூடு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 5 வருடத்துக்குள் 730 நாட்கள் கனடா மண்ணில் நிற்க வேண்டும். 5 வருடம் என்பது 1,825 நாள். 730ஐக் கழித்தால் வெளியே நிற்கக்கூடியது 1,095 நாள், அதாவது 3 வருடம். லாண்டிங் முடிந்து 3 வருடம் ஊரிலேயே இருந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு தாய்மாமன் கலியாணத்துக்கும் திரும்பி வர இடமிருக்காது. போன நாளையும் வந்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதி, போர்டிங் பாஸ்களையும் அதனோடு வையுங்கள்.

பிஆர் கார்ட் கனடா முகவரிக்கு மட்டுமே தபாலில் வரும். லாண்டிங் செய்து 180 நாட்களுக்குள் முகவரி கொடுக்காவிட்டால் 50 டொலர் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கார்ட் இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டால் திரும்பும்போது விமான நிறுவனம் ஏற்றாது. உறவினர் யாராவது கையில் கொண்டுவந்து தர வேண்டும், அல்லது இங்கிருந்தே பிஆர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் 50 டொலர்.

‘கனடாவில ரக்ஸ் கட்டினால் பிஆர் போகாது’ என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. கட்டிய வரி ஒரு நாளைக்கூட 730இல் சேர்க்காது.

வரி: குடியிருப்பை எதை வைத்துப் பார்க்கிறார்கள்

கனடாவில் வருமான வரி, குடியுரிமையையோ பிஆரையோ பார்த்து வருவதில்லை. வதிவிடத்தைப் பார்த்து வருகிறது. சிஆர்ஏ முதலில் பார்ப்பது மூன்று: கனடாவில் உங்களுக்கு வீடு இருக்கிறதா, கணவனோ மனைவியோ அங்கே இருக்கிறாரா, உங்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா. இவற்றில் ஒன்று இருந்தாலே பெரும்பாலும் நீங்கள் கனடா வரி வதிவாளர். வங்கிக் கணக்கு, கார், லைசன்ஸ், ஹெல்த் கார்ட் ஆகியவை இரண்டாம் நிலைத் தொடர்புகள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பாரம் குறைவு, சேர்த்து வைத்தால் கூடும். இவை எதுவுமில்லாமல் போய்ப் போய் நின்றாலும், ஒரு வருடத்தில் 183 நாளோ அதற்கு மேலோ கனடாவில் நின்றால் வதிவாளராகக் கருதப்படலாம்.

இதை வைத்து மூன்று குடும்பங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, எல்லோரும் போய் லாண்டிங் செய்து எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அங்கே வாடகை வீடு இல்லை. மாமி வீட்டு முகவரியில் ஒரு வங்கிக் கணக்கும் சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கமும் மட்டும். இவர்கள் கனடா வரி வதிவாளர்கள் அல்ல. வரி ரிட்டேர்ன் போடத் தேவையில்லை. கொக்குவிலில் வரும் கடை வருமானத்தை சிஆர்ஏ கேட்காது.

இரண்டாவது, மனைவியையும் பிள்ளைகளையும் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் எடுத்து விட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, கணவன் கடையைப் பார்க்க யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். கணவன் கனடாவில் நின்றது இருபது நாள்தான். ஆனாலும் வீடும் மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருப்பதால் சிஆர்ஏ பார்வையில் அவரும் வதிவாளராகக்கூடும். அப்படியானால் யாழ்ப்பாணக் கடையின் இலாபம், நிலையான வைப்பின் வட்டி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் கனடா ரிட்டேர்னில் காட்ட வேண்டும். ‘அந்தக் காசை நான் கனடாவுக்குக் கொண்டு போகவில்லையே’ என்பது பதிலாகாது. உலகில் எங்கே உழைத்தாலும் கணக்கு உண்டு.

இவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையில் இரட்டை வரி ஒப்பந்தம் உள்ளது. இரண்டு நாடும் ஒருவரைத் தங்கள் வதிவாளர் என்றால் நிரந்தர வீடு எங்கே, வாழ்வின் மையம் எங்கே, வழமையாகத் தங்குவது எங்கே என்ற ஒழுங்கில் பார்த்து ஒரு நாட்டுக்கு ஒதுக்குவார்கள். இலங்கைக்கு ஒதுங்கினால் கனடா அவரை வதிவாளர் அல்லாதவராகவே நடத்தும். ஆனால் குடும்பம் அங்கே, தொழில் இங்கே என்றால் வாழ்வின் மையம் எது என்பதில் வாதம் வரும். என்ஆர் 74 என்ற படிவத்தை நிரப்பி சிஆர்ஏயிடமே எழுத்தில் கருத்துக் கேட்கலாம். இந்த நிலையில் உள்ளவர் ஒரு கணக்காளருக்கு ஒருமுறை காசு கொடுப்பது வீண் செலவல்ல.

மூன்றாவது குடும்பம்தான் தேவையில்லாமல் சிக்குவது. முதலாவது குடும்பத்தைப் போலவே எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஆனால் ஊருக்குத் திரும்புவதற்கு முன் யாரோ சொல்லியிருப்பார்: ‘ஒரு சைபர் ரிட்டேர்ன் போட்டு வையுங்கோ, பிள்ளைகளின்ர காசு வரும்.’ புதிதாக வந்தவரின் ரிட்டேர்னில் முதல் பக்கத்திலேயே கனடா வதிவாளரான திகதியைக் கேட்கும். அங்கே லாண்டிங் திகதியை எழுதினால், அன்றிலிருந்து உலக வருமானம் முழுவதுக்கும் கணக்குக் காட்டுகிறேன் என்று கையெழுத்து வைத்ததாகிறது. அதன் கீழே வருமானம் சைபர் என்று எழுதினால், ஊரில் கடை ஓடிக்கொண்டிருக்கும்போது, அது பொய்க் கணக்கு. 

பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட்டும் இப்படித்தான். புதியவர்கள் ஆர்சி 66 படிவத்தோடு, வருவதற்கு முந்திய வருமானத்தைக் காட்டும் இணைப்பையும் கொடுப்பார்கள். பெறுபவர் வரி வதிவாளராக இருக்க வேண்டும், பிள்ளை அவரோடு வாழ வேண்டும். பிள்ளை யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகும்போது மாமி வீட்டு முகவரிக்கு மாதாமாதம் காசு வந்தால், ஒருநாள் சிஆர்ஏ பாஸ்போர்ட் முத்திரை, பள்ளிக்கூடக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்டுக் கடிதம் போடும். காட்ட முடியாவிட்டால் முழுத்தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால், உண்மையிலேயே குடியேறிய பிறகு வரவேண்டிய காசிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். காசு மிகவும் தேவைப்படும் முதல் வருடத்தில்தான் அது பிடிபடும்.

இரண்டாவது குடும்பத்து மனைவி பெனிபிட் எடுக்கலாம்; பிள்ளைகள் அவரோடுதான். ஆனால் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. கணவன் வதிவாளர் அல்லாதவர் என்றாலும் அவருடைய யாழ்ப்பாண வருமானத்தை சிரிபி 9 என்ற படிவத்தில் ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

போவதற்கு முன் காணி, நகை, வைப்பு

நிரந்தரமாகப் போகும் நாள் நெருங்கும்போது செய்யவேண்டிய வேலைகளில் எல்லோரும் தவறவிடுவது விலைமதிப்பு. நீங்கள் கனடா வரி வதிவாளராகும் நாளில், உங்கள் காணியையும் பங்குகளையும் அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகக் கனடா எடுத்துக்கொள்ளும். பின்பு விற்றால் அந்த விலைக்கு மேல் வந்த இலாபத்துக்கு மட்டுமே அங்கே கணக்கு. இலங்கைச் சட்டமோ 2017 செப்டம்பர் 30ஆம் திகதிக்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியை அடிவிலையாக எடுக்கிறது. ஒரே காணிக்கு இரண்டு திகதி, இரண்டு விலை.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 2005இல் 8 இலட்சத்துக்கு வாங்கிய 4 பரப்புக் காணி. 2017 செப்டம்பரில் 40 இலட்சம் பெறுமதி. கனடாவில் குடியேறும் நாளில் 90 இலட்சம். இரண்டு வருடம் கழித்து ஒரு கோடிக்கு விற்கிறீர்கள். இலங்கையில் இலாபம் 60 இலட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான மூலதன ஆதாய வரி 15 வீதம் என்பதால் 9 இலட்சம் கட்ட வேண்டும், கைமாறி ஒரு மாதத்துக்குள் ரிட்டேர்னும் போட வேண்டும். கனடாவிலோ 90இலிருந்து ஒரு கோடி வரையான 10 இலட்சம்தான் பேச்சு. அதிலும் பாதியே வருமானத்தில் சேரும். மேலும் 90 இலட்சத்தைக் குடியேறிய நாளின் நாணய மாற்றிலும் ஒரு கோடியை விற்ற நாளின் நாணய மாற்றிலும் டொலராக்க வேண்டும். இடையில் ரூபாய் விழுந்திருந்தால் டொலர் கணக்கில் நட்டமாகவே வரலாம். ஆனால் இவ்வளவும், 90 இலட்சம் என்று காட்ட ஒரு கடதாசி இருந்தால்தான். இல்லையென்றால் உறுதியில் எழுதிய 8 இலட்சத்தை வைத்தே பேச வேண்டி வரும்.

ஆகவே புறப்படும் மாதத்தில், தகுதிபெற்ற விலைமதிப்பீட்டாளர் ஒருவரிடம் காணிக்கும் வீட்டுக்கும் எழுத்தில் மதிப்பீடு எடுங்கள். 2017 செப்டம்பர் 30 பெறுமதியையும் அதே ஆளிடம் எழுதி வாங்கிவிட்டால் இரண்டு நாட்டுக்கும் ஒரே செலவில் முடியும். சொந்தமாக இருந்து வாழ்ந்த வீடு என்றால் இலங்கை மூலதன ஆதாய வரியில் விலக்கு உண்டு: விற்பதற்கு முந்திய 3 வருடம் தொடர்ந்து உரிமையில் இருந்து, அதில் 2 வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். புலம்பெயர்ந்து இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீடு இந்த விலக்கை இழந்துவிடும். விற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தால், போய் ஒரு வருடத்துக்குள் விற்பதே புத்தி.

ஈபிஎப் எடுக்க உரிமை உள்ளவர்கள் குடியேறுவதற்கு முன்னமே எடுத்து முடிக்கப் பாருங்கள். பிறகு வந்தால் கனடா ரிட்டேர்னில் அதற்கு விளக்கம் சொல்லவேண்டிய தொல்லை. 

நகைக்கு வேறொரு பட்டியல் உண்டு. முதல் லாண்டிங்கின்போதே விமான நிலையச் சுங்கத்தில் ‘கொண்டுவந்தவை’, ‘பின்னால் வருபவை’ என்று இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும். இருபது நாளில் திரும்பி வரப்போகிறோம் என்று நினைத்து இதைப் பலர் கொடுப்பதில்லை. இரண்டு வருடம் கழித்துத் தாலிக்கொடியும் காப்பும் பாத்திரமும் கொண்டுபோகும்போது வரி கேட்டால் காட்ட ஒன்றுமிருக்காது. நகைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, நகைக்கடையில் நிறையும் பெறுமதியும் எழுதி வாங்கி, படத்தின் இலக்கத்தையும் பட்டியலில் போடுங்கள். கையில் 10,000 கனடா டொலரோ அதற்கு மேலோ காசாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சொன்னால் வரி இல்லை, சொல்லாவிட்டால் பறிமுதல்.

இலங்கை வரியை மறந்துவிடாதீர்கள்

கனடா கனடா என்று ஓடும்போது இங்கே உள்ள கணக்கு கிடப்பில் போய்விடும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 183 நாள் இங்கே நின்றால் இலங்கை வதிவாளர். ரிட்டேர்ன் நவம்பர் 30க்குள். 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம். வதிவாளர் அல்லாத இலங்கைக் குடிமகனுக்கும் அது உண்டு. நிலையான வைப்பு வட்டியில் வங்கி 10 வீதம் பிடித்துக்கொள்ளும்.

நிரந்தரமாகப் போன பிறகும் யாழ்ப்பாணத்து வாடகையும் வட்டியும் இலங்கையில் வரிக்கு உட்பட்டவையே. ஆகவே டின் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கமும், திணைக்களத்தின் இணைய முறைமையான ராமிஸின் கடவுச்சொல்லும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கிறீர்களோ அவருக்கும் தெரிய வேண்டும். கடவுச்சொல்லை மீட்க பழைய தொலைபேசி இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி போகும். சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

வங்கி வட்டிச் சான்றிதழை மாத வாரியாகக் கேட்டு வாங்குங்கள். கனடா வருடம் ஜனவரி முதல் டிசம்பர்; இலங்கைச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச். மாத விபரம் இல்லாமல் இரண்டையும் பொருத்த முடியாது. இங்கே கட்டிய வரியைக் கனடா ரிட்டேர்னில் வெளிநாட்டு வரிக் கழிவாகக் கேட்கலாம், ஆனால் அந்த வருமானத்துக்குக் கனடாவில் வரும் வரியின் அளவுக்கு மேல் திரும்பி வராது.

முதல் ரிட்டேர்ன்

உண்மையில் குடியேறிய வருடத்துக்கான ரிட்டேர்ன் அடுத்த ஏப்ரல் 30க்குள். சொந்தத் தொழில் செய்பவருக்கு ஜூன் 15 வரை தவணை, ஆனால் கட்டவேண்டிய காசு இருந்தால் அதற்கும் ஏப்ரல் 30தான். பிந்தினால் நிலுவையில் 5 வீதமும், பிந்திய ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதப்படி 12 மாதம் வரையும் தண்டம். குடியேறிய திகதிக்கு முந்திய யாழ்ப்பாண வருமானத்துக்கு வரி இல்லை, ஆனாலும் கழிவுகளைக் கணக்கிட அதைக் கேட்பார்கள்.

ரி 1135 என்ற படிவத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டில் உள்ள வைப்பு, பங்கு, வாடகைக்கு விட்ட வீடு, முதலீட்டுக் காணி எல்லாம் சேர்ந்து 100,000 கனடா டொலருக்கு மேல் போனால் இதைப் போட வேண்டும். டொலர் 220 ரூபாய் என்று வைத்தால் 2 கோடி 20 இலட்சம். நல்லூர்ப் பக்கம் ஒரு வாடகை வீடும் ஒரு நல்ல வைப்பும் இருந்தாலே தாண்டிவிடும். சொந்தப் பாவனைக்கான வீடும் நகையும் இதில் சேராது. முதன்முதலாக வதிவாளரான வருடத்துக்கு விலக்கு உண்டு. இரண்டாம் வருடத்தில்தான் மறந்து போகும். தண்டம் நாளுக்கு 25 டொலர், 2,500 வரை. வரி ஒரு சதம்கூட வராவிட்டாலும் படிவம் பிந்தியதற்கே இந்தத் தண்டம்.

ஹெல்த் கார்ட்

ஒன்ராறியோவில் மாகாண மருத்துவக் காப்புறுதிக்குப் பெயர் ஓஹிப்; ஹெல்த் கார்ட் அதற்கானதுதான். 2020 மார்ச்சுக்கு முன் இருந்த 3 மாதக் காத்திருப்பு இப்போது இல்லை. அதனால்தான் இருபது நாள் லாண்டிங்கிலேயே கார்ட் எடுத்துவிட ஆசை வருகிறது. எடுக்காதீர்கள். ஒன்ராறியோதான் உங்கள் முதன்மை வீடு என்று அங்கே கையெழுத்து வைக்கிறீர்கள். குடியேறிய முதல் 183 நாளில் 153 நாள் மாகாணத்துக்குள் நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாள். இருபதாம் நாள் விமானம் ஏறி ஊரிலேயே இருந்துவிட்டால் நிபந்தனை உடைந்துவிடும். தகுதியில்லாத காலத்தில் கார்டைக் காட்டி எடுத்த சிகிச்சையின் செலவை மாகாணம் திருப்பிக் கேட்கலாம். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள், மாகாணத்தை விட்டுப் போய்விட்டதாக அறிவித்துவிட்டு, திரும்பக் குடியேறும்போது புதிதாகப் பதிவது சுத்தம்.

கார்டை வைத்திருந்தாலும் யாழ்ப்பாணத்தில் அதனால் பயன் மிகக் குறைவு. வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு ஓஹிப் தருவது வெளிநோயாளருக்கு நாளுக்கு 50 டொலர் வரை, வாட்டில் தங்கினால் 200, தீவிர சிகிச்சை மட்டத்தில் 400. யாழ். போதனா வைத்தியசாலையில் உங்களிடம் பிஆர் இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. இலவச சிகிச்சை முன்பு போலவே. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இங்குள்ள மருத்துவக் காப்புறுதியை நிரந்தரமாகப் புறப்படும் நாள் வரை நிறுத்த வேண்டாம்.

குறுகிய லாண்டிங் பயணத்துக்குத் தனியார் பயணக் காப்புறுதி எடுங்கள். சீனி வருத்தம், பிறஷர், கர்ப்பம் இருந்தால் ஒப்பந்தத்தில் அவற்றைப் பற்றிய வரியை வாசித்த பிறகு காசு கட்டுங்கள். ஏற்கெனவே உள்ள நோய் என்று சொல்லி அவர்கள் மறுப்பது அங்கேதான்.

நிரந்தரமாகப் போனதும் முதல் கிழமையிலேயே மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ்ஒன்ராறியோவுக்கு நேரில் போங்கள். வேண்டியது மூன்று: வதிவிட நிலையைக் காட்ட பிஆர் கார்ட் அல்லது லாண்டிங் பத்திரம், அடையாளத்துக்குப் பாஸ்போர்ட், ஒன்ராறியோவில் வாழ்வதற்குச் சான்று. எல்லாம் மூலப்பிரதி. மூன்றாவதில்தான் அலைச்சல். உறவினர் வீட்டில் நிற்பவருக்குத் தன் பெயரில் மின்கட்டணம் வராது. ஆகவே வங்கிக் கணக்கைத் திறக்கும்போதே மாத அறிக்கையைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது சின்ன அறைக்கென்றாலும் உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள்.

வேறு மாகாணம் என்றால் விதி வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதியும் இன்னும் 2 மாதமும் காத்திருக்க வேண்டும். மொன்றியலுக்குப் போனால் 3 மாதம் வரை. அல்பேர்ட்டாவில் வெளிநாட்டிலிருந்து குடியேறும் பிஆருக்குக் காத்திருப்பு இல்லை. காத்திருக்கும் மாதங்களுக்குத் தனியார் காப்புறுதி இல்லாமல் இருக்கக் கூடாது; ஆஸ்பத்திரியில் ஒரு இரவு நின்றாலே ஆயிரக்கணக்கில் பில் வரும்.

ஓஹிப்புக்கு மாதக் கட்டணம் இல்லை. ஆனால் வரிக்குட்பட்ட வருமானம் 20,000 டொலரைத் தாண்டினால் ஒன்ராறியோ ஹெல்த் பிரீமியம் என்று வருடத்துக்கு 900 டொலர் வரை வருமான வரியோடு சேர்ந்து வரும். டிசம்பர் 31இல் ஒன்ராறியோ வரி வதிவாளராக இருந்தாலே போதும். கார்ட் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன இரண்டாவது குடும்பத்துக் கணவன் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே இதைக் கட்ட நேரலாம்.

பல், கண்ணாடி, மருந்துக் கடைச் செலவு ஆகியவற்றை ஓஹிப் பெரும்பாலும் ஏற்காது. 25 முதல் 64 வயது வரை மருந்துக்குக் கைக்காசு அல்லது வேலைத்தலக் காப்புறுதி. ஆகவே பல் வேலை இருந்தால் இங்கேயே முடியுங்கள், கண்ணாடி இரண்டு சோடி செய்யுங்கள். மாறாமல் குடிக்கும் குளிசைகளை மருந்துக்கடைப் பெட்டியோடும் வைத்தியரின் சீட்டோடும் கொண்டுபோகலாம், 90 நாளுக்கு மேற்படாமல். குளிசைகளைப் பெட்டியிலிருந்து உரித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோனால் சுங்கத்தில் கேள்வி வரும். பிள்ளைகளின் கிளினிக் கொப்பியில் உள்ள தடுப்பூசிப் பக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு பொதுச் சுகாதாரப் பிரிவு அதைக் கேட்கும், காட்டாவிட்டால் பிள்ளையை இடைநிறுத்தவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.